புதுப்பிப்புப் பணிக்கு நடுவே மதிய விருந்து உரைகள்: கிளப் செயற்குழுவுக்கான முழுமையான வழிகாட்டி

உறுப்பினர் சந்தாவில் இயங்கும் ஒரு கிளப் தன் கட்டடத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தால், மதிய விருந்தோடு நடக்கும் வணிக உரைத் தொடரைத்தான் செயற்குழு பெரும்பாலும் முதலில் நிறுத்திவைக்கிறது. தூசியும் சத்தமும் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை எப்படி அழைப்பது என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் மாதம் ஒரு முறை ஒரு குறிப்பிட்ட நாளில் மதியம் கிளப்புக்கு வந்து அமர்வது என்பது உறுப்பினர்களிடம் பல ஆண்டுகளில் படிந்த ஒரு பழக்கம். அது ஒரு பருவம் முழுக்க விட்டுப்போனால், புதிய அரங்கைத் திறந்த பிறகு அவர்களைத் திரும்ப வரவழைப்பது கட்டட வேலையைவிடக் கடினமாக இருக்கும். ஆகவே உரைகளைச் சிறிய அளவில், வேறு அறையில், கவனமாகத் திட்டமிட்டுத் தொடர்ந்து நடத்துவதே மேல் என்பது என் கருத்து. அதற்கான படிகளை, வேலை நடக்கும் வரிசையிலேயே கீழே தருகிறேன்.

படி 1: இரண்டு வேலைக்கும் ஒரே நாட்காட்டி

பல கிளப்புகளில் கட்டடத்தைக் கவனிக்க ஒரு துணைக்குழுவும், நிகழ்ச்சிகளைக் கவனிக்க இன்னொரு துணைக்குழுவும் இருக்கும். சாதாரண நாட்களில் இந்தப் பிரிவினையால் தொந்தரவு இல்லை. புதுப்பிப்புக் காலத்திலோ, தரையை உடைக்கும் வாரத்திலேயே ஒரு வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநர் பேச வருகிறார் என்பது கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும். எனவே இரண்டு துணைக்குழுக்களும் ஒரே நாட்காட்டியில் எழுத வேண்டும். அதில் திருத்தம் செய்யும் அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அவர் கிளப்பின் செயலராகவோ மேலாளராகவோ இருக்கலாம், ஆனால் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரோடு வாரம் ஒரு முறையாவது நேரில் பேசுபவராக இருப்பது அவசியம்.

நாட்காட்டியில் தேதிகளை இரண்டு வகையாகப் பிரித்து எழுதுவது நல்லது. கிளப்பின் கையில் உள்ள தேதிகள் (உரை நாள், அழைப்பு அனுப்பும் நாள், வருகையை உறுதிசெய்யும் கடைசி நாள்) ஒரு நிறத்திலும், பிறர் கையில் உள்ள தேதிகள் (பொருள் வந்து சேரும் நாள், மின் இணைப்பு மாற்றும் நாள், அரங்கை ஒப்படைக்கும் நாள்) வேறொரு நிறத்திலும் இருக்கட்டும். இரண்டாம் வகைத் தேதியை நம்பி முதல் வகைத் தேதி எதையும் வெளியில் அறிவிக்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், அது இந்த விதியாக இருக்கட்டும்.

படி 2: அமைதி நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதுதல்

உரை நாளன்று மதியம் 12.15 முதல் 2.15 வரை உடைப்பு, துளையிடுதல், வெட்டுதல், சாரம் கட்டுதல், பாரவண்டி இறக்குதல் ஆகிய எதுவும் நடக்கக் கூடாது என்ற நிபந்தனையை, ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஒப்பந்ததாரர் அந்த இழப்பையும் கணக்கிட்டு விலை சொல்வார். கையெழுத்தான பிறகு இதைக் கேட்டால் அது கூடுதல் வேலையாகக் கருதப்படும்; அதற்குத் தனிக் கட்டணமும் கால நீட்டிப்பும் கேட்பார்கள், கேட்பதில் தவறும் இல்லை. தொழிலாளர்களின் உணவு இடைவேளையை அந்த நேரத்தோடு பொருத்திக்கொண்டால் உண்மையான இழப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. பூச்சு, வண்ணம், கம்பி இழுத்தல் போன்ற ஓசையற்ற வேலைகள் தொடரலாம் என்பதையும் தெளிவாக எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

கான்கிரீட்டில் துளையிடும் சத்தம் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. சுவரும் தூணும் அதைக் கடத்துகின்றன. இரண்டு தளங்களுக்கு அப்பால் நடக்கும் துளையிடலும் உணவு மேசைக்கு அருகில் நடப்பதுபோல் கேட்கும். ஆகையால் கதவைச் சாத்திக்கொள்வதை நம்ப வேண்டாம். வேலையை நிறுத்துவது ஒன்றே வழி.

படி 3: மாற்று அறையைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய உணவுக்கூடம் மூடப்பட்டிருக்கும்போது நூலக அறை, சீட்டாட்ட அறை, பில்லியர்ட்ஸ் அறை என ஏதாவது ஒன்று மிஞ்சும். இடவசதியைப் பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். உரை நிகழ்ச்சிக்கு அதைவிட முக்கியம், பேச்சு தெளிவாகக் கேட்குமா என்பது.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கு 1895-இல் திறக்கப்பட்டபோது, அங்கே பேசுவது எதுவும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்து வினாடிகளுக்கு மேல் ஆனது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து அடுக்கி, எடுத்து, மீண்டும் அடுக்கி அளந்து, ஒலி அடங்கும் நேரம் அறையின் கொள்ளளவுக்கு நேர்விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் மாறுகிறது என்று அவர் கண்டறிந்தார். மீட்டர் அளவில் அந்தச் சமன்பாடு எளிது: கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வினாடி கிடைக்கும். இங்கே உறிஞ்சும் பரப்பு என்பது, அறையில் உள்ளவை எல்லாம் சேர்ந்து, ஒலியை முழுமையாக உறிஞ்சும் எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்ற அளவு; ஒரு திரையின் உண்மையான பரப்பைவிட அது குறைவாகவே இருக்கும்.

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 384 கன மீட்டர். தரைவிரிப்பையும் திரைகளையும் தூசிக்குப் பயந்து அகற்றிவிட்டால், உறிஞ்சும் பரப்பு 35 சதுர மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடலாம். அப்போது ஒலி அடங்க ஏறத்தாழ 1.8 வினாடி ஆகும். 48 பேர் வந்து அமர்ந்தால் அவர்களின் உடலும் உடையும் சேர்ந்து 22 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சும், நேரம் 1.1 வினாடியாகக் குறையும். பேச்சு நன்றாகப் புரிய 0.8 வினாடிக்கு அருகில் இருப்பது விரும்பத்தக்கது. மீதியைச் சரிக்கட்ட, நீளச் சுவர் ஒன்றில் சுமார் 35 சதுர மீட்டர் அளவுக்குக் கனமான துணித் திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் போதும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதால் இந்தக் குறை தீராது. எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

இதே கணக்கைப் புதிய அரங்கின் வரைபடத்துக்கும் போட்டுப் பார்க்கும்படி கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள். பளிங்குத் தரை, கண்ணாடித் தடுப்பு, பொய்க்கூரை நீக்கிய உயரமான மேற்கூரை ஆகிய மூன்றும் படத்தில் அழகாக இருக்கும். பின்வரிசையில் அமரும் எழுபது வயது உறுப்பினருக்கு அங்கே ஒரு வாக்கியமும் முழுதாகக் கேட்காது. செவித்துணைக் கருவி அணிந்தவர்களுக்கான தூண்டல் வளையத்தை (ஒலிவாங்கியின் ஒலியை நேரடியாக அந்தக் கருவிக்கு அனுப்பும் கம்பிச் சுற்றை) தரைக்கு அடியில் பதிப்பதாக இருந்தால், தரை போடுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும் என்பதையும் இந்தச் சந்திப்பிலேயே பேசிவிடலாம்.

படி 4: பாதுகாப்பு

புதுப்பிக்கப்படும் கட்டடம் தீ விபத்துக்கு மிக எளிதில் ஆளாகும். 1992 நவம்பர் 20-ஆம் தேதி வின்ட்சர் கோட்டையில் பற்றிய தீ, பணிகள் நடந்துகொண்டிருந்த சூழலில், ஒரு விளக்கின் வெப்பம் திரைச்சீலையில் பட்டதால் தொடங்கியது. 2018 ஜூனில் கிளாஸ்கோ கலைப் பள்ளியின் புகழ்பெற்ற கட்டடம், மறுசீரமைப்பு முடியும் தறுவாயில் இருந்தபோது எரிந்துபோனது.

உரை நாளின் காலையில் பொறுப்பாளர் சில இடங்களைத் தாமே நடந்து பார்க்க வேண்டும். வெளியேறும் வழிகளில் சிமென்ட் மூட்டையோ பலகைகளோ அடுக்கப்பட்டிருக்கக் கூடாது. வேலை நடக்கும் பகுதியில் தூசி புகாமலிருக்கப் புகை உணர்விகளை உறையிட்டு மூடுவது வழக்கம். வேலை நின்ற பிறகு அந்த உறைகளைக் கழற்ற மறந்துவிடுவதும் ஏறக்குறைய வழக்கமாகவே ஆகிவிட்டது. வெல்டிங், தீச்சுடரால் சூடாக்குதல் போன்ற வேலைகள் அன்று காலையில் நடந்திருந்தால், முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் அந்த இடத்தை ஒருவர் கண்காணிக்க வேண்டும். விருந்தினர் வரும் நேரத்தையும் மனத்தில் வைத்தால், காலை 11 மணிக்குள் அத்தகைய வேலைகளை முடித்துவிடச் சொல்வதே சரி.

பழைய கட்டடத்தில் உடைப்பு வேலை தொடங்கும் முன், ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள்களும் ஈய வண்ணப்பூச்சும் உள்ளனவா என்று தகுதி பெற்ற ஆய்வாளரைக் கொண்டு சோதிப்பது கட்டாயம். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை அதே கட்டடத்தில் விருந்து நடத்தலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. வேலைப் பகுதிக்கும் விருந்துப் பகுதிக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை முழுமையான தடுப்பு வேண்டும். இடுப்பளவுத் தட்டியும் கயிறும் தூசியைத் தடுக்காது. பல வாரங்கள் திறக்காத குழாய்களில் தேங்கிய நீரில், கடும் நுரையீரல் நோயை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகக்கூடும் என்பதால், மூடிக்கிடந்த கழிவறையையோ சமையலறையையோ மீண்டும் பயன்படுத்துமுன் குழாய்களைத் திறந்துவிட்டு நீரை நன்றாக ஓடவிட வேண்டும்.

படி 5: சமையலறை இல்லாத நாட்களில் உணவு

கிளப்பின் சமையலறையும் பணிக்குள் சிக்கியிருந்தால், உணவு வெளியிலிருந்து வர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பேச்சாளரின் வண்டி தாமதமானால் இந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதை நினைத்து, சூடுதாங்கும் பெட்டிகளையும் ஒரு வெப்பமானியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். உணவு வகைகளைக் குறைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

படி 6: பேச்சாளரை அழைத்தல்

உரை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு முன் அழைப்பு போய்ச் சேர வேண்டும். அழைப்புக் கடிதத்தில் தலைப்பு, நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, கேட்போர் எத்தகையவர்கள் என்பவற்றோடு, கட்டடத்தில் பணி நடக்கிறது, உரை தற்காலிக அறையில் நடக்கும் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். வாசலில் வந்து நின்று சாரத்தைப் பார்த்துத் திகைக்கும் பேச்சாளருக்கு, தமக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்று தோன்றும். முன்னமே அறிந்து வருபவரோ அதையே வேடிக்கையாகச் சொல்லி உரையைத் தொடங்குவார்.

தற்காலிக அறையில் நாற்பது ஐம்பது பேருக்கு மேல் இடமில்லை என்பதை ஒரு வாய்ப்பாகக் கொள்ளலாம். பெருங்கூட்டத்தை எதிர்பார்க்கும் பிரபலங்களைப் புதிய அரங்கின் பருவத்துக்கு ஒதுக்கிவிட்டு, சிறிய அவையில் மனம் திறந்து பேசக்கூடியவர்களை இப்போது அழையுங்கள்: குடும்பத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியவர், ஒரு தொழிற்சாலையை மூட நேர்ந்தவர், கடன் மறுசீரமைப்பைக் கையாண்ட வழக்கறிஞர். புதுப்பிப்புப் பணியின் கட்டடக் கலைஞரையே ஓர் உரைக்கு அழைப்பதும் பலன் தரும். தங்கள் பணம் எந்தச் சுவரில் போகிறது என்று கேட்க விரும்பாத உறுப்பினர் இல்லை. பொதுக்குழுவில் கோபமாக வெடிக்கக்கூடிய கேள்விகள் அங்கே உணவு மேசையில் நிதானமாக வெளிவரும்.

இத்தகைய உரைகளுக்குச் சாத்தம் ஹவுஸ் விதி மிகப் பொருத்தமானது. 1927-இல் லண்டனில் வகுக்கப்பட்டு, 2002-இல் திருத்தப்பட்ட அந்த விதியின் சாரம் இதுதான்: கூட்டத்தில் கேட்ட செய்தியைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் அங்கிருந்தார்கள் என்பதை வெளியிடக் கூடாது. எதையுமே வெளியே பேசக் கூடாது என்று பலர் இதைத் தவறாக எண்ணுகிறார்கள். எனவே அழைப்பிதழிலும், உரை தொடங்கும் முன் தலைவரின் வாயாலும் விதியை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்யலாமா என்பதற்கும் அப்போதே பதில் சொல்லிவிடுங்கள்.

பேச்சாளர் தம் நிறுவனத்தின் பொருளையோ முதலீட்டுத் திட்டத்தையோ மேடையில் விற்கக் கூடாது என்பதைக் கடிதத்தில் பணிவாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும்.

படி 7: மேசையும் நேரமும்

150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமரலாம். உரை நிகழ்ச்சிக்கு ஆறு பேரை மட்டும் அமர்த்தி, மேடையை நோக்கிய பக்கத்தை வெறுமையாக விட்டால், யாரும் நாற்காலியைத் திருப்ப வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கான இடத்தை ஓரத்தில் அல்லாமல், வழிக்கு அருகிலுள்ள ஒரு மேசையிலேயே ஒதுக்குங்கள். தற்காலிகச் சரிவுப்பாதை பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயரக் கூடாது.

வேலைநாளில் வருபவர்கள் இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டியவர்கள். 12.30-க்கு வரவேற்பு, 12.45-க்கு உணவு, 1.15-க்கு உரை, 1.40-க்குக் கேள்விகள், 1.55-க்கு நன்றியுரை என்று வகுத்துக்கொண்டால் இருபத்தைந்து நிமிட உரை கிடைக்கும். அதற்கு மேல் நீண்ட மதிய உரை எதுவும் சிறந்ததாக எனக்கு நினைவில்லை. அறிமுக உரை இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தலைவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள், கடைப்பிடிக்க மாட்டார்கள். ஆகவே அறிமுகத்தை எழுதியே கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. இனிப்பும் காப்பியும் 1.10-க்குள் மேசைக்கு வந்துவிட வேண்டும். உரை நடக்கும்போது தட்டு எடுக்கக் கூடாது என்பதைப் பரிமாறுபவர்களிடம் அன்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 8: உறுப்பினர்களுக்கு அறிவித்தல்

சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. எந்த வாசல் திறந்திருக்கும், வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தத் தளத்துக் கழிவறை, மின்தூக்கி ஓடுமா, எத்தனை இருக்கைகள், பதிவுக்குக் கடைசி நாள் எது என்பவற்றை ஒரே பக்கத்தில், ஒரு சிறு வரைபடத்தோடு அனுப்புங்கள். இருக்கைகள் குறைவு என்பதால் விருந்தினரை அழைத்துவரும் உரிமையை ஒருவருக்கு ஒருவர் என்று கட்டுப்படுத்த நேரலாம். அதைச் செயற்குழுத் தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டால் வாசலில் நிற்கும் ஊழியர் யாருடனும் வாதாட வேண்டியிருக்காது.

படி 9: பணக் கணக்கு

புதுப்பிப்பு நிதியும் உரைத் தொடரின் வரவுசெலவும் தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பழைய கட்டடத்தில் சுவரைத் திறந்த பிறகுதான் தெரியவரும் செலவுகளுக்கு, மதிப்பீட்டில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு ஒதுக்கிவைப்பது பரவலான நடைமுறை. அந்த ஒதுக்கீடு தீர்ந்துபோனால் விருந்துக் கட்டணத்திலிருந்து எடுத்து நிரப்பும் சபலம் பொருளாளருக்கு வரும். உறுப்பினர் ஒரு மதிய உணவுக்குக் கொடுத்த பணம் குழாய் மாற்றப் போனதாகத் தெரிந்தால், அடுத்த தொடருக்கு அவர் பதிவுசெய்ய மாட்டார்.

உரைக்குப் புரவலர் தேடும்போது, கிளப்பின் கட்டட ஒப்பந்ததாரரையோ பொருள் வழங்குபவரையோ அணுகாதீர்கள். அவர் தாராளமாகக் கொடுப்பார்; பிறகு அவருடைய வேலையில் குறை கண்டால் அதைச் சொல்ல நாக்கு எழாது.

படி 10: புதிய அரங்கில் முதல் உரை

ஒப்பந்ததாரர் சொல்லும் ஒப்படைப்பு நாளுக்கும் முதல் உரைக்கும் நடுவே நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். ஒப்படைப்பு நாள் ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். சிமென்ட் மணல் தளப்பூச்சு, நல்ல காற்றோட்டத்தில், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் உலரும்; 50 மில்லிமீட்டர் பூச்சுக்கு ஏழு வாரமாகும். அதற்கு முன் மேலே மரத்தளம் பாவினால் பலகைகள் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஆள்களைக் கூட்டினாலும் இரவில் வேலை செய்தாலும் இந்த ஏழு வாரம் குறையாது. செயற்குழுவில் தொழிலதிபர்கள் நிறைந்திருந்தாலும் அப்படித்தான்.

அந்த நான்கு வாரத்துக்குள் செயற்குழுவும் ஊழியர்களும் மட்டும் அமர்ந்து ஒரு முழு ஒத்திகை விருந்து நடத்துங்கள். சமையலறைச் சாதனங்கள், குளிர்சாதனம், ஒலிபெருக்கி, ஒளிவீழ்த்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கி, மின்சாரம் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒருவர் மேடையில் நின்று சாதாரணக் குரலில் ஒரு பக்கம் வாசிக்க, மற்றவர்கள் எல்லா மூலைகளிலும் மாறி மாறி அமர்ந்து கேளுங்கள். கதவு கிறீச்சிடுவது, விளக்கு பேச்சாளரின் கண்ணில் அடிப்பது, திரைக்குக் குறுக்கே தூண் நிற்பது என்று காணும் ஒவ்வொரு குறையையும் இடத்தைக் குறிப்பிட்டு எழுதிப் பட்டியலிடுங்கள்.

ஒப்பந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு போன்ற ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, பாதியை ஒப்படைப்பின்போதும், மீதியைக் குறைநீக்கக் காலம் (தென்படும் குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்த பின்னும் கொடுப்பது பல ஒப்பந்தங்களில் உள்ள ஏற்பாடு. அந்தக் காலம் பெரும்பாலும் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இருக்கும்; அதாவது புதிய அரங்கில் ஒரு முழு உரைத் தொடர் நடந்து முடியும் அளவு. ஆகவே ஒவ்வோர் உரை முடிந்ததும் அன்று தென்பட்ட குறைகளை, தேதியோடு அதே பட்டியலில் சேர்த்து வாருங்கள். கடைசித் தவணைக் காசோலையில் கையெழுத்திடும் முன் பொருளாளர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளரோடு அரங்கை ஒரு முறை சுற்றி வரட்டும்.